கடைவாசல் கேள்வி பதில்: ரேய் போராளியா, பொம்மையா?

போன மாசம் இந்தப் பகுதியில ஒரு தம்பிக்குப் பதில் சொல்லும்போது வாய் சும்மா இருக்காம, யு-கி-ஓங்கற ஜப்பான் கார்டு வெளையாட்டுல வர்ற ஸ்கை ஸ்ட்ரைக்கர் பொண்ணுங்க (கவசம் மாட்டிச் சண்டை போடுற கூட்டம், ரேய்தான் அதுல நாயகி) எல்லாம் மொதல்ல பொம்மை, அப்புறந்தான் போராளின்னு ஒரு வரி எழுதிட்டேன். வினை அங்கதான் ஆரம்பிச்சிச்சி. சுங்கை சிப்புட்ல நம்ம போட்டோஸ்டெட் கடைக்கு நேரா வந்து சண்டை புடிச்சவங்க பாதி, கடுதாசியும் வாட்ஸ்அப்புமா அனுப்புனவங்க பாதி. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், கடைக்குப் பின்னால ஒரு பழைய மேசை கெடக்கு, சனிக்கிழமை டியூஷன் முடிஞ்சி தோட்டத்துப் புள்ளைங்க பஸ்ஸு வர்ற வரைக்கும் அங்கதான் உக்காந்து கார்டு ஆடுதுங்க, நானும் நடுநடுவுல போய் தோத்துட்டு வருவேன். அதனால இந்த மாசம் வேற கேள்வியே எடுக்கல. வீட்டுக் கடன், ஈபிஎஃப் பத்திக் கேட்டவங்க மன்னிச்சிக்குங்க, அடுத்த மாசம் பாப்போம்.

அண்ணே, ரேய் பொம்மைன்னு எப்படிச் சொல்லலாம்? அவ தனியாளா நின்னு போர் செய்யுறவ. கார்டுல எங்கயும் பொம்மைன்னு போடவே இல்ல. நீங்க சும்மா அடிச்சி விட்டுட்டீங்க.
– படிவம் 2 மாணவன், சுங்கை சிப்புட்

தம்பி, கையெழுத்தப் பாத்தே நீ யாருன்னு தெரிஞ்சிருச்சி, போன சனிக்கிழமை என்னைய ரெண்டு ஆட்டம் தோக்கடிச்சிட்டு என் காசுலயே ஐஸ் மைலோ குடிச்சவன்தான நீ.

கார்டுல பொம்மைன்னு போடல, சரி. ஆனா கதைன்னும் ஒண்ணும் போடலையே? யு-கி-ஓல எஃபெக்ட் (ஆட்டத்துல கார்டு செய்யுற தனி வேலை) இல்லாத மஞ்ச கார்டுலதான் கீழ ரெண்டு மூணு வரி கதை இருக்கும், எஃபெக்ட் உள்ள கார்டுல அந்த எடம் பூரா சட்டதிட்டம்தான், "இத பலி குடு, அத எறக்கு"ன்னு. ரேயோட கதைய நீ தெரிஞ்சிக்கிட்டது எல்லாம் படத்துல இருந்துதான், ஒரு மந்திரக் கார்டு படத்துல கெளம்புறா, இன்னொண்ணுல பறக்குறா, இன்னொண்ணுல அடி வாங்குறா, அத நீயா வரிசையா கோத்து கதையா ஆக்கிக்கிட்ட. பொம்மைய வெச்சி வெளையாடுற புள்ளையும் இதத்தான் செய்யும். ஆனா நான் சொன்னதுக்கு அது மட்டும் காரணம் இல்ல.

காரணத்த 2006-ல இருந்து சொல்லணும். யு-கி-ஓ கார்டு போடுற அதே கொனாமிதான் (1969-ல ஒசாகாவுல ஜூக்பாக்ஸ் வாடகைக்கு விட்டு, ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்த கம்பெனி, இப்ப பாரு) அந்த வருஷம் செப்டம்பர்ல ஜப்பான்ல புஸோ ஷின்கின்னு ஒரு பொம்மை வரிசை எறக்குச்சி. ஒவ்வொண்ணும் ஒரு சாண் கூட வராது, 15 சென்டிமீட்டர்தான். உள்ள ஒரு பொண்ணு உடம்பு, எம்எம்எஸ்னு பேரு, கை கால் இடுப்பு கழுத்து எல்லாம் மூட்டு மூட்டா மடங்கும், அத செஞ்சவரு அசாய் மசாகி. அந்த உடம்பு மேல மாட்டிக்க ரெக்கை, பீரங்கி, பூட்ஸு, இரும்புக் கைன்னு ஒரு டப்பா நெறைய சாமான். மொத ரெண்டு பேரு, தேவதை வகை அர்ன்வால், பேய் வகை ஸ்ட்ராஃப். அர்ன்வாலுக்கு ரெக்கையும் நீளத் துப்பாக்கியும், ஸ்ட்ராஃபுக்கு முதுகுல இருந்து ரெண்டு ராட்சசக் கை.

இப்ப கவனி, பொம்மை வித்தா மட்டும் போதாதுன்னு அதுக்கு ஒரு கதையும் வெச்சாங்க. வருஷம் 2036. உலகப் போர் வரல, வேற்றுக்கிரகத்துல இருந்து எவனும் எறங்கி வரல, சாதாரணமா இன்னைக்கு இருக்கற ஒலகம்தான் கொஞ்சம் முன்னுக்குப் போயிருக்கு, ரோபோ எல்லாம் சகஜமாயிருச்சி. அதுல 15 சென்டிமீட்டர் ரோபோப் பொண்ணுங்கதான் ஷின்கி. கதையிலயும் 15, கையில இருக்கற பொம்மையும் 15! அதாவது நீ வாங்குனது ஒரு பெரிய வீராங்கனையோட சின்ன உருவம் இல்ல, அதுவேதான் அவ, முழு அளவு. உள்ள வைக்கற சில்லு எதுங்கறதப் பொறுத்து கொணம் மாறும், எசமான் சொன்னாத்தான் சண்டை. எனக்கு இந்த யோசனை ரொம்பப் புடிக்கும், ஏன்னா பொம்மைக்கு மேல கதைய ஒட்டல, பொம்மை எப்படிச் செஞ்சிருக்கோ அதையே கதையா ஆக்கிட்டாங்க. அந்தப் பொம்மைங்கள வெச்சி ஆடுற பேட்டல் ரோண்டோன்னு ஒரு கம்ப்யூட்டர் கேம் 2011 வரைக்கும் ஓடுச்சி, 2012-ல டிவி தொடரும் வந்துச்சி.

அப்புறம் 2017 கடைசியில அதே கொனாமி ஜப்பான்ல எறக்குனதுதான் உன் ஸ்கை ஸ்ட்ரைக்கர், இங்கிலீஷ்ல 2018-ல டார்க் சேவியர்ஸ் பெட்டியில வந்துச்சி. ரேய் கார்ட எடு. லெவல் 4, அடிப் புள்ளி 1500. தனியா பாத்தா ஒண்ணும் பெருசா இல்ல, வெறும் உடம்பு. அவ என்ன செய்யுறா? தன்னையே பலி குடுத்து எக்ஸ்ட்ரா டெக்ல (தனியா ஒதுக்கி வெக்கிற கார்டு அடுக்கு) இருந்து ஒரு ஸ்கை ஸ்ட்ரைக்கர எறக்குறா. எறங்குறது யாரு, காகாரி. படத்த நல்லாப் பாரு, வேற பொண்ணா அது? அதே ரேய்தான், சிவப்புக் கவசம் மாட்டியிருக்கா. ஷிஸுகுன்னா தண்ணிக் கவசம், ஹயாத்தே காத்து, கைனா மண்ணு. எதிராளி அந்தக் கவசத்த அடிச்சி ஒடைச்சா ரேய் கல்லறையில (ஆடி முடிஞ்ச கார்டு போற எடம்) இருந்து எழுந்து திரும்ப வந்து நிக்கிறா. உடம்பு அப்படியே இருக்கு, மேல் சாமான்தான் கழண்டு போச்சி. எக்ஸ்ட்ரா டெக்ல 15 கார்டு வெக்கலாம்ல, அதுதான் அந்தச் சாமான் டப்பா.

இதுல இன்னொரு சங்கதியும் இருக்கு. காகாரி எறங்கணும்னா நெருப்பு இல்லாத ஒரு ஸ்கை ஸ்ட்ரைக்கர் வேணும், ஷிஸுகுவுக்கு தண்ணி இல்லாதது வேணும். அதாவது காகாரி மேலயே காகாரிய மாட்ட முடியாது, கழட்டி வேற மாட்டு, அப்புறம் திரும்ப இத மாட்டு. ஆட்டத்துல நீ முழுக்க செய்யுறது இந்தக் கழட்டுறதும் மாட்டுறதும்தான். ஷின்கிய பாத்துத்தான் இதச் செஞ்சாங்கன்னு கொனாமி கையெழுத்துப் போட்டுக் குடுத்ததா நான் சொல்லல, ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாத்து நானா சொல்றதுதான். நீயும் வெச்சிப் பாரு, அப்புறம் சண்டைக்கு வா.

ஸ்கை ஸ்ட்ரைக்கர் மந்திரக் கார்டுல எல்லாம் "மெயின் மான்ஸ்டர் ஸோன்ல மான்ஸ்டர் இல்லாம இருந்தாத்தான்"னு ஒரு நிபந்தனை வருதே, ஏன் அண்ணே இப்படிக் கஞ்சத்தனம்?
– மேசை ரெண்டுல உக்காந்திருக்கறவன்

மேசையே ஒண்ணுதான்டா இருக்கு.

கஞ்சத்தனம் இல்ல தம்பி, அதுதான் கதை. ரேய் தனியாளு. அவளுக்குப் பின்னால ஒரு படையே நின்னுச்சின்னா அவ ரேய் இல்ல. அத ஒரு வரி கூட எழுதாம சட்டத்துலயே வெச்சிட்டாங்க, உன் பக்கம் மெயின் மான்ஸ்டர் ஸோன்ங்கற கீழ் வரிசையில அஞ்சு எடமும் காலியா இருக்கணும், மேல எக்ஸ்ட்ரா மான்ஸ்டர் ஸோன்ல ஒரே ஒருத்தி மட்டும் நிக்கணும். நீ ஆடும்போது மேசையப் பாத்தாலே ஒரு தனிமை தெரியும், எதிராளி பக்கம் ராட்சசனா அடுக்கி வெச்சிருப்பான், உன் பக்கம் ஒத்தப் பொண்ணு, கையில நாலு மந்திரக் கார்டு.

அந்த மந்திரக் கார்டுங்கதான் ஆயுதம். பேரப் பாரு, ஹார்னெட் ட்ரோன்ஸ், ஷார்க் கேனன், ஈகிள் பூஸ்டர், விடோ ஆங்கர். குளவி, சுறா, கழுகு, எட்டுக்கால் பூச்சி. விடோன்னதும் விதவைன்னு மொழிபெயர்த்துப்புடாத, நம்ம மேசையில ஒருத்தன் அப்படித்தான் ஒரு மாசம் "விதவை நங்கூரம்"னு கத்திக்கிட்டு இருந்தான், அது பிளேக் விடோ எட்டுக்கால் பூச்சி. கல்லறையில மூணு மந்திரமோ அதுக்கு மேலயோ சேந்துட்டா ஒவ்வொரு ஆயுதமும் இன்னும் கொஞ்சம் கூட வேலை செய்யும், என்கேஜ்ங்கற மந்திரக் கார்டு டெக்ல இருந்து ஒரு கார்ட எடுத்துக் குடுக்கறதோட இன்னொண்ண இழுக்கவும் விடும், விடோ ஆங்கர் எதிராளியோட மான்ஸ்டர வாய மூட வைக்கறதோட அந்த முறை முடியற வரைக்கும் உன் பக்கமே இழுத்துட்டு வந்துரும். ஆட ஆட ஆயுதக் கிடங்கு நெறையுது, அவ பலமாகுறா. காகாரி கல்லறையில இருக்கற ஒவ்வொரு மந்திரத்துக்கும் 100 அடிப் புள்ளி கூடுவா. பத்து மந்திரம் போட்டுட்டா 1500 காகாரி 2500.

தம்பி, எம் மவளுக்கு பதினோரு வயசு. தமிழ்ப்பள்ளியில அஞ்சாம் ஆண்டு. நோட்டு பூரா பீரங்கி தூக்குன பொண்ணு, ரெக்கை வெச்ச பொண்ணுன்னு வரைஞ்சி வெக்கிறா. பாட்டி, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு பீரங்கி, கோலம் வரையச் சொல்லு"ன்னு தெனம் ஒரு பாட்டு. கார்டு எல்லாம் வாங்கிக் குடுக்கலாமா?
– ஓர் அம்மா, பீடோர்

அக்கா, பாட்டிகிட்ட நான் ஒண்ணு கேட்டேன்னு சொல்லுங்க. தோட்டத்து மாரியம்மன் கோயில்ல நவராத்திரிக்குப் போறாங்கல்ல, அங்க துர்க்கை கையில என்ன இருக்கு? தேவி மகாத்மியத்துல கதையே அதான, மகிஷன ஒருத்தராலயும் அடக்க முடியலன்னு சிவன் சூலத்தக் குடுத்தாரு, விஷ்ணு சக்கரம், வருணன் சங்கு, அக்கினி வேல், வாயு வில்லும் அம்பும், இந்திரன் வஜ்ராயுதம், இமவான் ஏறிக்க சிங்கத்தக் குடுத்தாரு. ஒரு பொண்ணு, ஆளாளுக்கு ஒரு சாமான் குடுத்து மாட்டி விட்டு அனுப்புறாங்க. அந்தக் கதையக் கேட்டு வளந்த நமக்கு ரேய் புதுசே இல்ல. அப்புறம் ஆயுத பூசைக்கு நம்மாளு செய்யாததா, பால் வெட்டுற கத்தி, பாராங், செம்பனைக் குலை தள்ளுற அரிவாள், மோட்டோசிக்கல் எல்லாத்துக்கும் பொட்டு வெச்சி மாலை போடுறோம். இரும்ப மதிக்கிற வீட்டுல பொறந்த புள்ளை அக்கா அது. கோலமும் வரையட்டும், பீரங்கியும் வரையட்டும், ரெண்டுக்கும் கை நேரா ஓடணும்.

ஆனா ஒண்ண மறைக்காம சொல்லிர்றேன். இந்தக் கவசப் பொண்ணுங்க பொம்மையில சிலது, கவசம் இருக்கற எடத்துல கவசம் இருக்கும், துணி இருக்க வேண்டிய எடத்துல துணி இருக்காது. அது பெரிய ஆம்பளைங்க வாங்கறதுக்குன்னு செஞ்ச சரக்கு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒட்டிச் சேக்கற மாடல் டப்பாவுல 15 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கும், சின்னச் சின்ன கூர்மையான துண்டு வேற, அத இப்ப வேணாம். கார்டு பரவால்ல. மொதல்ல ஒரு ரெடிமேட் டெக் ஒண்ணு மட்டும் வாங்கிக் குடுங்க, உள்ள எது இருக்குன்னு தெரியாத பாக்கெட்ட பாக்கெட் பாக்கெட்டா பிரிக்கப் பழக்காதீங்க, அது சூதாட்டம் மாதிரி கைய அரிக்க வெச்சிரும்.

இவங்க பேருக்கு எல்லாம் அர்த்தம் இருக்கா?
– தமிழ் ஆசிரியை, தைப்பிங்

இருக்கு டீச்சர். காகாரின்னா ராத்திரி காவலுக்கு மூட்டுற தீ, ஷிஸுகுன்னா துளி, ஹயாத்தேன்னா சூறைக்காத்து. நெருப்பு, தண்ணி, காத்துன்னு கார்டுல போட்டிருக்கற குணத்தோட பேரு ஒட்டி வருது. இத விட எனக்குப் புடிச்சது மொத்தக் கூட்டத்தோட ஜப்பான் பேரு, செந்தோகி. வாயால சொன்னா "போர் விமானம்"னு கேக்கும், எழுத்துல பாத்தா "மின்னல் வாள் இளவரசி". சிலேடை! காளமேகப் புலவர் கேட்டிருந்தா எழுந்து நின்னு கை தட்டியிருப்பாரு. இங்கிலீஷ்ல மொழிபெயர்த்தவங்க இந்தச் சிலேடைய வெச்சிக்க முடியாம வானத்துல அடிக்கறவன்னு ஒரு பேரு வெச்சிட்டாங்க, பாவம் அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது.

ரோஸே எதிரியா கூட்டாளியா?
– ஒரு வரிக் கேள்வி, பேரு இல்ல

ரோஸே ரேய் மாதிரியே இன்னொரு ஸ்கை ஸ்ட்ரைக்கர் பொண்ணு, மொதல்ல எதிரி, அப்புறம் கூட்டாளி. எதிர்ப்பக்கத்துல இருந்து வந்தவ, பின்னாடி வந்த கார்டு படத்துல ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறாங்க. பொம்மை பாஷையில சொல்லணும்னா ஒரே அச்சுல வந்த ரெண்டாவது கலர்.

வணக்கம் அண்ணா. பொண்ணு உடம்புல இயந்திரக் கவசம் மாட்டுற இந்த யோசனை ஜப்பான்ல எப்ப ஆரம்பிச்சிச்சி? அசைன்மென்ட்டுக்குத் தேவைப்படுது.
– பல்கலைக்கழக மாணவி, தஞ்சோங் மாலிம்

அசைன்மென்ட்டுக்கு என் பேரப் போட்டுறாதம்மா, மார்க் கொறஞ்சிரும்.

இதுவும் பொம்மை யாவாரத்துல இருந்துதான் வருது. 1979-ல கண்டம்னு (Gundam) ஒரு ரோபோ கார்ட்டூன் தொடர் டிவியில வந்தப்போ பெருசா ஓடல, பொம்மை விக்கலன்னு காசு போட்ட குளோவர்னு ஒரு பொம்மைக் கம்பெனி கை விட, 52 வாரம் போக வேண்டியது 43-லயே முடிஞ்சிச்சி. அடுத்த வருஷம் ஜூலையில பண்டாய் 300 யென்னுக்கு ஒட்டிச் சேக்கற மாடல் டப்பாவா போட்டுச்சி, 144-ல ஒரு பங்கு அளவு, அது பிச்சிக்கிட்டுப் போச்சி. அப்ப கதைய பொம்மை காப்பாத்துச்சி. அந்த எண்பதுகள்லயே அகிதாக்கா மிகான்னு ஒரு ஓவியர், கண்டம் ரோபோவோட கவசத்தக் கழட்டி பொண்ணுங்களுக்கு மாட்டி வரைய ஆரம்பிச்சாரு, எம்எஸ் பொண்ணுங்கன்னு அதுக்குப் பேரு (எம்எஸ்னா மொபைல் சூட், கண்டம் கதையில ரோபோவுக்கு அதான் பேரு). ரோபோவ மனுசனாக்கல, மனுசிய ரோபோவாவும் ஆக்கல, சாமான மட்டும் எடம் மாத்துனாரு. பின்னாடி வந்தது எல்லாத்துக்கும் வேரு அங்க இருக்குன்னு நான் நெனைக்கிறேன்.

அப்புறம் ஷிமாடா ஹுமிகானே. மேல சொன்ன அர்ன்வால், ஸ்ட்ராஃப் ரெண்டையும் வரைஞ்சவரு இவருதான். 2015-ல கொட்டோபுகியா கம்பெனி ஃபிரேம் ஆர்ம்ஸ் கேர்ள்னு மாடல் வரிசை எறக்குனப்பவும் படம் இவருதான். கொட்டோபுகியா மொதல்ல தோக்கியோ பக்கம் தாச்சிக்காவாவுல இருந்த ஒரு பொம்மைக் கடை, அத எழுதிக்க. அவங்ககிட்ட ஏற்கெனவே ஃபிரேம் ஆர்ம்ஸ்னு வெறும் ரோபோ வரிசை இருந்துச்சி, அதுல டாங்கி மாதிரி இருந்த கோராய், போர் விமானம் மாதிரி இருந்த ஸ்டைலெட், எல்லாத்தையும் பொண்ணாக்குனாங்க. 2017-ல டிவி தொடரு வந்துச்சி, கதை என்னன்னா அவோன்னு ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு வீட்டுக்கு ஒரு டப்பா வருது, தொறந்தா கோராய் உள்ள இருக்கா. பொம்மை டப்பா தொறக்கறதே கதையோட மொதக் காட்சி!

ஒரு நுணுக்கம் சொல்றேன், அசைன்மென்ட்ல இது இருந்தா விரிவுரையாளர் அசந்துருவாங்க. கொட்டோபுகியாவோட ஆயுதமும் கவசமும் பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் துளை, 3 மில்லிமீட்டர் முளையில சேருது. இதனால இந்தப் பொண்ணோட பீரங்கிய அந்தப் பொண்ணுக்கு மாட்டலாம், தனியா விக்கற ஆயுதப் பொட்டலத்தையும் மாட்டலாம். எல்லாருக்கும் எல்லா ஆயுதமும் பொருந்தும்னா கதையிலயும் அதுக்கு ஒரு ஞாயம் வேணும், அதான் "பரிசோதனைச் சண்டை", "புதுக் கவசம் வந்திருக்கு"ன்னே கதை நடக்குது. துளையோட அளவு கதைய தீர்மானிக்குது. இலக்கியத்துல யாப்பு மாதிரின்னு வெச்சிக்கயேன், சீர் அளவு மொதல்ல, கவிதை அப்புறம்.

தம்பி, நான் முப்பத்து ரெண்டு வருஷம் பால் வெட்டுனவன். பேரப் புள்ளைங்க ஆடுற கார்ட கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தேன், எல்லாம் இரும்பும் ரெக்கையுமா இருக்கு. நாங்க ஆடுன பம்பரம், கோலி எல்லாம் இதுல கெடையாதா?
– ஒரு தாத்தா, தாப்பா

ஐயா, இருக்கு! நீங்க கேப்பீங்கன்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருக்கு. பேரன்கிட்ட ஸ்பீட்ராய்டு கார்டு இருக்கான்னு கேளுங்க. அந்தக் கூட்டமே பழைய ஜப்பான் புள்ளைங்க வெளையாட்டுச் சாமான்தான், எல்லாம் ரோபோவா மாறியிருக்கு.

டெரர்டாப்புன்னு ஒண்ணு, பம்பரம். ஜப்பான்ல பெய்கோமான்னு சின்ன இரும்புப் பம்பரம் உண்டு, கயித்தச் சுத்தி ஒரு விரிப்பு மேல விட்டு எதிராளி பம்பரத்த வெளிய தள்ளணும், நம்ம வட்டத்துக்குள்ள குத்துற ஆட்டத்துக்குத் தம்பி முறை. பேப்ளேடும் அதுல இருந்து வந்ததுதான். டாக்கெடோம்போர்க்குன்னு இன்னொண்ணு, டாக்கேன்னா மூங்கில், தோம்போன்னா தும்பி, ரெண்டு உள்ளங்கையிலயும் வெச்சித் தேய்ச்சி விட்டா பறக்கும்ல, அந்த மூங்கில் தும்பி. மென்கோன்னு ஒண்ணு, தரையில கெடக்கற அட்டைய நம்ம அட்டையால ஓங்கி அடிச்சித் திருப்புற ஆட்டம், நாங்க லயத்து வாசல்ல தீப்பெட்டி அட்டைய வெச்சி ஆடுனது அதேதான், அந்த அடியில கைத்தோலு சிவந்துரும். டென்டென் தாய்க்கோன்னு குச்சிய உருட்டுனா கயித்துல தொங்குற மணி ரெண்டு பக்கமும் தட்டுற சின்ன மேளம், கென்டாமான்னு குச்சியில பந்து புடிக்கறது, ஒஹாஜிக்கின்னு தட்டையான கண்ணாடிக் கோலி. தாயக்கட்டை கூட மூணு கண்ணு சிவப்புக் கண்ணுன்னு வருது.

டெரர்டாப் எப்படி எறங்கும் தெரியுமா ஐயா, நம்ம பக்கம் ஒருத்தரும் இல்லாதப்ப கையில இருந்து சும்மாவே வந்துரும், வந்து இன்னொரு ஸ்பீட்ராய்ட டெக்ல இருந்து நம்ம கைக்குக் கூப்புட்டுக்கும். தனியா வாசல்ல பம்பரம் விட்டுக்கிட்டு இருந்தா சத்தம் கேட்டு பக்கத்து வீட்டுப் பையன் வருவானே, அப்படி. இத யாரு யோசிச்சி வெச்சான்னு தெரியல, எனக்கு ஒவ்வொரு தடவையும் லயத்து மொத வாசல் ஞாபகம் வந்துரும்.

இன்னும் உண்டு. மெடோல்ச்சேன்னு இனிப்புப் பலகாரப் பொம்மைங்க, ஃபுளஃபல்னு பஞ்சு அடைச்ச பொம்மைங்க, அதுல கத்திரி மாதிரி ஆயுதப் பேய் சேந்தா வயித்தக் கிழிச்சிக்கிட்டு பயங்கரமா ஆயிரும், சின்னப் புள்ளைங்க பொம்மைய பிச்சி உள்ள என்ன இருக்குன்னு பாக்கறது மாதிரி. நம்ம பால்மரக் கொட்டைக்குத்தான் இன்னும் கார்டு வரல. கொட்டைய சிமெண்டுல தேய்ச்சி கூட்டாளி தொடையில சுடுவோமே, அதுக்கு ஒரு கார்டு வந்தா அடி 300, ஆனா எதிராளி அழுவான்.

பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) மூணு வெள்ளிக்கு ஒரு டப்பா ரேய், காகாரி எல்லாம் மினுமினுப்பா விக்கிறாங்க. வாங்கலாமா?
– ரெண்டு பேரு சேந்து கேட்டது, கோலகங்சார்

வாங்கலாம், மேசைக் காலுக்கு அடியில முட்டுக் குடுக்க. கார்டு ஆடறதுக்கு வேணாம். அசலுக்கு கீழ வலது மூலையில சின்னதா பளபளன்னு ஒரு சதுர முத்திரை இருக்கும், போலியில அது வெறும் சாம்பல் கலர்ல அச்சடிச்சிருக்கும், இல்ல இருக்கவே இருக்காது. எழுத்து மங்கும், எழுத்துப் பிழை இருக்கும், பின்பக்கம் கலர் கொஞ்சம் ஊதாவா போகும். அளவும் பாருங்க, யு-கி-ஓ கார்டு 59-க்கு 86 மில்லிமீட்டர், மத்த கார்டு வெளையாட்டுல பெரும்பாலும் 63-க்கு 88, கவர் வாங்கும்போது சின்ன அளவுன்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா உள்ள தொளதொளன்னு ஆடும்.

நானும் சின்ன வயசுல அம்பது காசு போலி பாக்கெட்டுதான் வாங்குனேன், ஒளிக்கல. ஒரு பாக்கெட்ல ஒரே கார்டு மூணு வந்துச்சி, மூணுலயும் மூணு வேற அடிப் புள்ளி போட்டிருந்துச்சி. வாத்தியாரு புடுங்கி மேசை அறையில வெச்சவரு வருஷக் கடைசி வரைக்கும் குடுக்கல, அப்ப அழுதேன், இப்ப யோசிச்சா அந்தக் கார்டுக்கு அதுதான் சரியான எடம்.

அண்ணே, எனக்குக் காசு இல்ல. கார்ட உங்க கடையில கலர் போட்டோஸ்டெட் எடுத்து ஆடலாமா? அந்தப் பொம்மை டப்பாவும் ரொம்ப வெலை. நாமளே செய்ய முடியாதா?
– ஆறாம் ஆண்டு மாணவி, தோட்டத்துல இருந்து

பாப்பா, போட்டோஸ்டெட்டுக்கு நான் மாட்டேன், கடை பேரு கெட்டுரும். வீட்டுல கூட்டாளிங்களோட பழகறதுக்குன்னா ஒரு தாள்ல கார்டு பேரும் எஃபெக்டும் நீயே கையால எழுதி, பழைய கார்டு மேல வெச்சி கவர்ல போட்டு ஆடு, போட்டிக்கு மட்டும் அது செல்லாது. ஹெண்ட்போன் இருந்தா மாஸ்டர் டூயல்னு யு-கி-ஓ கேம் இருக்கு, 2022-ல வந்துச்சி, எறக்க காசு இல்ல, வேணாத கார்ட ஒடைச்சி வேணும்ங்கற கார்ட செஞ்சிக்கலாம், ரேய் டெக்க அதுல கட்டிப் பழகு.

பொம்மையப் பத்தி. நம்ம மேசைக்கு வர்ற புள்ளை ஒண்ணு, உன் வயசுதான் இருக்கும், பழைய பிளாஸ்டிக் பொம்மை ஒண்ணத் தூக்கிக்கிட்டு வந்துச்சி, தலைமுடி பாதி இல்ல. தகரம் வெட்டுனா கை கிழியும்னு அப்பா விடலயாம், அதனால மைலோ டப்பா பிளாஸ்டிக் மூடியில தோள் கவசம் வெட்டியிருக்கு, ஐஸ்கிரீம் குச்சியில ரெக்கை, ஸ்ட்ரோவுல பீரங்கி. எல்லாத்தையும் கம் போட்டு ஒட்டிட்டா மாத்த முடியாதேன்னு நான் கேட்டேன். அது என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, பொம்மை முதுகுல இருந்த ஓட்டையக் காட்டிச்சி. அப்பா ட்ரில்லு போட்டுக் குடுத்தாராம். அதுல சத்தே இறைச்சி குத்திச் சுடுற குச்சிய ஒடைச்சி முளையா சொருகியிருக்கு, ரெக்கைய இழுத்தா கழண்டு வருது, பீரங்கிய வெச்சா பச்சுன்னு நிக்குது. அளவுகோல எடுத்து அளந்தேன். சத்தே குச்சி 3 மில்லிமீட்டர்.